காக்கா பறந்தால் பதினோரு கிலோமீட்டர்

காலை பத்து நாற்பதுக்குச் செய்தி வந்தது: ஊர் உலகமெல்லாம் புகழும் ஓவியர் ஒருவர் முப்பது வருடம் உட்கார்ந்து வரைந்த தோட்டம் பக்கத்தில்தான் இருக்கிறதாம். கொண்டுவந்தவன் மச்சான், பெட்ரோல் பங்க் சுவரில் விளம்பரம் பார்த்திருக்கிறான். வேனின் ஓட்டுநர் இருக்கையில் இருந்தவரின் முகம் மலர்ந்த மலர்ச்சியைக் கண்டிருந்தால், அவர் எந்த இனம் என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். ‘போற வழிதானே’ இனம்.

இந்த இனத்துக்கு நேர்ப்பாதை உடம்புக்கு ஆகாது. மாத்திரை வாங்கக் கிளம்பினால், ஓர் அணைக்கட்டைப் பார்த்துவிட்டு, புதிய நண்பர்கள் இருவரோடு, மாத்திரை இல்லாமல் திரும்பும். இத்தனைக்கும் நம்மவருக்கு உத்தியோகம் நில அளவை. ஊராருக்கெல்லாம் நேர்கோடு போட்டுக் கொடுத்த மனிதர்!

பக்கத்து இருக்கையில் அவர் மனைவி, தலைமையாசிரியை; பின்னால் அவருடைய தம்பி, அந்த மச்சான். மாலை நான்கு மணிக்கு ஒரே மகளுக்குப் பட்டமளிப்பு. அவள் பள்ளியில் பரிசு வாங்கிய நாளில் இவர்கள் போய்ச் சேர்ந்தது நாற்காலி அடுக்கும் நேரத்துக்கு. “இந்தத் தடவையாவது என் பேரைக் கூப்பிடறப்போ இருந்து கைதட்டுங்க” என்று கேட்டிருந்தாள். தலைமையாசிரியை சத்தியமே செய்திருந்தார்.

அளவையர் வரைபடத்தில் அடிக்கோல் வைத்தார். “பதினோரு கிலோமீட்டர்தான்.”

“ரோட்டுலயா?”

“காக்கா பறந்தா.”

“நாம என்ன காக்காவா?”

“அஞ்சு நிமிஷம்மா. பார்த்தோம், வந்தோம்.”

இந்த ‘அஞ்சு நிமிஷம்’ முடிந்து நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? கட்டிலும் அடுப்பும் கைகழுவும் தொட்டியும் வைத்த அந்தக் கேம்பர் வேன் சந்துக்குள் திரும்ப, அலமாரி திறக்க, தட்டுகள் ஒவ்வொன்றாகக் குதிக்க, வாணலி மச்சானின் மடியில் வந்து உட்கார, “மாமா, பிரேக்!” என்று அவன் அலற, பதினோரு கிலோமீட்டர் முப்பத்தொன்றாக வளர்ந்தது.

தோட்டம் பச்சையாய்ப் பொங்கிக் கிடந்தது. நடுவே குளம், வளைந்த பாலம். நம்மவர் எதையும் பார்க்கவில்லை. வாசலில் வாங்கிய ஓவிய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காலடியால் அளந்தார்.

“இந்தப் பாலம் படத்துல நாலடி தள்ளியிருக்கே!”

தோட்டக்காரர் குழாயை மூடினார். “ஐயா, அவர் படம் வரைய உட்கார்ந்தவர். பத்திரம் பதிய இல்ல.”

வாதம் முடிந்து அளவையர் கடிகாரத்தைப் பார்த்தால் மணி ஒன்றேகால். அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. மனைவியைக் காணோம்! தேடினால், செருப்பைக் கழற்றிவிட்டு, கணுக்கால்வரை தண்ணீரில், கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்.

“நேரமாச்சும்மா!”

“உஷ்! அந்த மொட்டு விரியப் போகுது.”

“பட்டமளிப்பு…”

“அஞ்சு நிமிஷங்க!”

மொட்டு விரிய இருபத்தைந்து நிமிஷம் எடுத்துக்கொண்டது. தலைமையாசிரியை பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கைதட்டினார். பிறகுதான் சத்தியம் ஞாபகம் வந்தது. வெறுங்காலோடு வேனுக்கு ஓடினார்.

நான்கு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது மூவரும் அரங்கத்துக்குள் பாய்ந்தார்கள். பெயர்கள் வாசிக்கப்பட்டன. மகள் பெயர் வந்தது. மூவரும் எழுந்து நின்று, உள்ளங்கை சிவக்கத் தட்டினார்கள்.

மேடைக்கு யாரும் வரவில்லை.

மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடி தட்டினார்கள். தலைமையாசிரியையின் கைப்பேசி அதிர்ந்தது.

“அம்மா, திட்டாத! போற வழிதானேன்னு எட்டிப் பார்த்தேன். கலங்கரை விளக்கம் திறந்திருந்துச்சு! கறுப்பு அங்கியோட உச்சியில நிக்கறேன், காத்து ஆளையே தூக்குது! அஞ்சு நிமிஷம், வந்துடறேன்!”

தலைமையாசிரியை வாய் திறக்குமுன் அளவையர் அவர் காதோரம் குனிந்தார். “எத்தனை அடி உயரம்னு கேளு.”

அவரும் கேட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நீங்கள் ஏணியைத் தூக்கிவந்தது குளியலறை பல்பை மாற்ற. வழியில்தான் இந்தக் கதை கண்ணில் பட்டது. புது பல்பு இன்னும் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.