தராசுக்கு ஒரு நிரந்தரப் பெயர்

"ஏனம்மிணி, எம்பட எருமை பன்னெண்டு லிட்டர் குடுத்துது. ரசீதுல ஆறரைன்னு இருக்குது. ஃபேட்டு பன்னெண்டுங்குது. இதப் பாலுன்னு ஊத்தறதா, கத்தியில வெட்டறதா?"

மீனாட்சிபுரம் பால் சங்கத் தலைவர் பழனிச்சாமி ரசீதை நீட்டியபோது, பின்னால் கேனோடு நின்ற வரிசை முழுக்கச் சிரித்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சிவசங்கரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவளுடையது தற்காலிக வேலை. மறுநாள் காலை மேலதிகாரி பார்வையிட வருகிறார். மெஷின் ஒழுங்காக ஓடினால் வேலை ஸ்திரம். இல்லையென்றால் வீட்டில் மாடு மேய்க்கலாம்.

கோளாறு அவளுக்குத் தெரிந்ததுதான். லினக்ஸ் மென்பொருளில் ஓடும் அந்தக் கம்ப்யூட்டரில் தராசுக்கு ஒரு ஒயர், பாலின் கொழுப்பை அளக்கும் ஃபேட் மெஷினுக்கு ஒரு ஒயர். ஆன் செய்ததும் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதற்குப் 'பூஜ்யம்' என்று பெயர் வைக்கும், அடுத்ததற்கு 'ஒன்று'. பூஜ்யம்தான் தராசு என்று சங்கத்து புரோகிராம் நம்பிக்கொண்டிருக்கிறது. பெயர் இடம் மாறினால் ரசீதில் எடையும் ஃபேட்டும் மாறி விழும்; எப்போது மாறும் என்று பஞ்சாங்கம் பார்த்தும் சொல்ல முடியாது.

"இனி ஒண்ணுதான் தராசுன்னு மாத்தி உட்டுட்டேனுங்க," என்றாள். வரிசை நகர்ந்தது. சாயங்காலம் ஆன் செய்தால் பூஜ்யமே தராசாக வந்து நின்றது. மறுபடியும் அதே கூத்து.

அவளுக்கு வீம்பு பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு ஒயருக்கும் பிறவி அடையாளம் ஒன்று இருக்குமே, அதை வைத்து நிலையான பெயர் எழுதிவிட்டால்? எழுதினாள். இரண்டும் ஒரே கடையில் வாங்கிய மலிவு ஒயர். இரட்டைப் பிள்ளைகள் போல அடையாளமும் ஒன்றே. 'தராசு' என்ற பெயருக்கு இரண்டும் அடித்துக்கொண்டதில் ஃபேட் மெஷின் காணாமலே போயிற்று.

"முன்னாடியாவது தப்பா வந்துது. இப்ப வர்றதே இல்ல," என்றார் பழனிச்சாமி. "பால் திரிஞ்சு போயிரும் அம்மிணி."

அப்போதுதான் பொறி தட்டியது. ஒயர் யாராக இருந்தால் என்ன? எந்தத் துளையில் சொருகியிருக்கிறதோ, அதை வைத்துப் பெயர். மேல் துளை தராசு, கீழ்த் துளை ஃபேட். எழுதிவிட்டு, கம்ப்யூட்டரைத் திரும்பத் திரும்ப அணைத்து ஆன் செய்து பார்த்தாள். பெயர் இம்மி பிசகவில்லை. சிவசங்கரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"தலைவருங்க, இனி பிரளயமே வந்தாலும் பேர் மாறாதுங்க."

பழனிச்சாமி வரிசைக்கே டீ சொன்னார். சங்கத்தைக் கூட்டித் துடைக்கும் பொன்னாத்தாள், கம்ப்யூட்டருக்குக் கண் பட்டுவிடும் என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள்.

மறுநாள் அதிகாரி வந்து உட்கார்ந்தார். சிவசங்கரி பெருமையோடு பட்டனை அழுத்தினாள். பழனிச்சாமி தன் எருமைப் பாலையே முதலில் ஊற்றினார்.

எடை ஆறரை. ஃபேட் பன்னிரண்டு.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இது பாலோ, வெண்ணெயோ?" என்று கேட்டார்.

சிவசங்கரி நாற்காலியை விட்டு எழுந்தாள். "நான் எல்லாம் சரியாத்தானுங்க எழுதுனேன். இந்த லினக்ஸ்தான் என்னையக் கவுத்துப் போட்டுது," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பொன்னாத்தாள் ஓடி வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"அழுவாதீங்கம்மிணி, ஒயருக்கு ஒரு கொறையும் வராம நான் பாத்துக்கறேன். மாட்ட ஒரே மொளக்குச்சியில கட்டுனா எடம் சேறாயிருமில்லீங்க, அதாட்டந்தான், கூட்டறப்ப நெனப்பு வந்தா, இன்னிக்குக் காத்தாலயாட்டம், இந்த ரெண்டையும் மேல கீழ மாத்திச் சொருகி உட்டர்றேன்."