லெந்து நாளில் ஒரு புன்னகை

பக்திக்கும் குணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நிரூபித்தே தீருவதென முடிவு செய்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். எதையாவது நிரூபிக்காவிட்டால் வாங்கிய பட்டம் வீணாகிவிடுமோ என்று எப்போதும் ஒரு பயம்.

ஆதாரம் வீட்டிலேயே இருந்தது. என் மனைவி ஜெபசெல்வி. தாராவியில் எங்கள் சந்தில் அவளைப் போல ஜெபிக்கிறவர்கள் கிடையாது. அவளைப் போலக் கத்துகிறவர்களும் கிடையாது. 'ஆமென்' சொன்ன வாய் மூடுவதற்குள், கட்டிலில் கிடக்கும் என் ஈரத்துண்டு அவள் கண்ணில் பட்டுவிடும்.

"செல்வி, இவ்வளவு ஜெபம் பண்ணியும் உன் கோபம் போகலையே?"

"ஜெபம் பண்ணுததுனாலதான் நீங்க இன்னும் முழுசா இருக்கீய."

"ஷர்த் வச்சுக்குவமா, ஒரு பந்தயம்? இந்த லெந்து நாள் நாப்பதும், ஈஸ்டர் வரைக்கும், நீ கோபப்படக் கூடாது. ஒரு தடவை கத்தினாலும் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு நான் இனி வரமாட்டேன்."

"கத்தலைன்னா?"

"கூட்டத்தை நம்ம வீட்டுலயே வச்சுக்கோ. வாரா வாரம் டீ நான் போடுதேன்."

"ஆமென்" என்றாள்.

மறுநாளே துண்டைக் கட்டிலில் போட்டேன். சிரித்தாள். கொத்தமல்லி கேட்டதற்குப் புதினா வாங்கி வந்தேன். "புதினாவும் ஆண்டவர் படைச்சதுதானங்க" என்றாள். குழாயில் தண்ணீர் வரும் நேரம் தூங்குவதுபோல் நடித்தேன். அவளே குடங்களைத் தூக்கி வந்து, எனக்குப் போர்வையும் போர்த்திவிட்டாள்.

கத்துகிற மனைவி எங்கே நிறுத்துவாள் என்று தெரியும். சிரிக்கிற மனைவி எங்கே ஆரம்பிப்பாள்? ஐரோலி ஆபீசில் கம்ப்யூட்டரைத் திறந்தால் அந்தச் சிரிப்புதான் தெரிந்தது. லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டே என்னை அறியாமல் ஜெபிக்க ஆரம்பித்தேன்.

"மனசுல என்ன வச்சிருக்க? சொல்லிடு செல்வி."

"ஒண்ணுமில்லையே. டென்ஷன் எடுக்காதீய."

அன்றிலிருந்து துண்டு தானாகக் கொடிக்குப் போனது. விடியுமுன் எழுந்து நானே தண்ணீர் பிடித்தேன். கொத்தமல்லியை மோந்து பார்த்து வாங்கினேன்.

ஈஸ்டர் முடிந்த வெள்ளி, எங்கள் வீட்டில் முதல் கூட்டம். சாட்சி சொல்லும் நேரம். ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். நான் டீத்தட்டோடு நிற்க, செல்வி எழுந்தாள்.

"லெந்துல ஒரு குணத்தை மாத்தித் தாரும்னு கேட்டேன். மாத்திட்டாரு."

"உங்க கோபத்தையாம்மா?" என்றார் பாஸ்டர் ஆபிரகாம்.

"இல்ல பாஸ்டர். இவுக சோம்பேறித்தனத்தை. என் கோபம் அப்படியேதான் இருக்கு. பல்லைக் கடிச்சிட்டுச் சிரிச்சேன்."

அறை முழுவதும் ஸ்தோத்திரம் கிளம்பியது. எனக்குப் பொய் சொல்ல வராது.

"இது பக்தி இல்ல பாஸ்டர். வெறும் பயம்."

பாஸ்டர் கண் கலங்கி என் தோளைத் தட்டினார். "ஞானமே பயத்துலதான் ஆரம்பிக்கும்னு வேதம் சொல்லுதே, ஜாபெஸ் தம்பி."

யாரிடம் பயம் என்று அவர் கேட்கவில்லை. டீயில் சர்க்கரை எங்கே என்று செல்வி கேட்டாள். சிரித்துக்கொண்டே.