மைனஸ் குமாஸ்தா

குமாஸ்தா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

"வேலை தேடற வெப்சைட்டைத் திற. நம்ம ஆளுங்க யாராவது அதுல இருக்காங்களான்னு பாக்கச் சொன்னார் முதலாளி. இருக்கறவன் சீட்டு இன்னிக்கே கிழியும்."

குமாஸ்தாவே அதில்தான் இருந்தார். வீட்டில் அவர் ஒருவர் சம்பளம். பெண்ணுக்குப் பரீட்சை, மனைவிக்குக் கண் ஆபரேஷன். இந்த வேலையும் போனால் கதி அதோகதிதான்.

'நம்பிக்கை பைப்ஸ்' என்று கம்பெனி பெயரைத் தட்டினார். தன்னை நம்பிக்கையான ஆள் என்று சொல்லிக்கொண்ட அத்தனை பேரும், ஊரிலுள்ள பைப் ரிப்பேர்காரர்கள் அத்தனை பேரும் திரையில் வந்து குவிந்தார்கள். குமாஸ்தாவுக்கு உயிர் வந்தது.

"இதுல எங்க சார் தேடறது? விட்டுடலாம்."

"பேருக்கு முன்னாடியும் பின்னாடியும் மேற்கோள் குறி போடுய்யா. அந்தப் பேர் அப்படியே இருக்கறது மட்டும் வரும். என் பொண்ணு சொல்லிக் குடுத்தா."

நல்ல பெண்ணைப் பெற்றார் என்று மனசுக்குள் நொந்துகொண்டே போட்டார். கூட்டம் ஒரே பக்கத்துக்குள் சுருங்கியது. நல்லவேளை, பதவி மட்டும்தான் தெரிந்தது; தட்டினால்தான் ஆள் தெரியும். மேலேயெல்லாம் வரிசையாகக் குமாஸ்தா, குமாஸ்தா என்றே இருந்தது.

"சார், சில்லறை ஆளுங்களை விடுங்க. மைனஸ் போட்டு குமாஸ்தான்னு அடிச்சா இவனுங்க கழிஞ்சுடுவானுங்க. பெரிய தலையா பிடிக்கலாம்."

மேனேஜர் பூரித்துப்போனார். அத்தனை குமாஸ்தாக்களும் தப்பித்தார்கள். ஒன்றே ஒன்று நின்றது: 'முதுநிலை நிர்வாக அதிகாரி.'

அப்போதுதான் குமாஸ்தாவுக்கு ஞாபகம் வந்தது. "குமாஸ்தான்னு போட்டா எவன் கூப்பிடுவான்?" என்று மனைவி திருத்திக் கொடுத்த பதவி அது. பதறிப்போய் மைனஸ் போட்டு அதிகாரி என்றும் அடித்தார். திரை துடைத்துவிட்டாற்போல் ஆனது.

"இருந்த ஒருத்தனையும் ஏன்யா கழிச்சே? கொண்டா அந்தாளை!"

கொண்டுவந்தார். மேனேஜரே தட்டினார். கோட்டு போட்டுக்கொண்டு திரையில் சிரித்தார் குமாஸ்தா.

"அடப்பாவி! நீயா?"

மேனேஜர் கத்திய கத்தலில் முதலாளியே தன் அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"மன்னிச்சிடுங்க சார்," என்றார் குமாஸ்தா, அழாத குறையாக. "குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும்."

முதலாளி திரையை உற்றுப் பார்த்தார். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"உன்னையாவது யாராவது கூப்பிட்டாங்களாப்பா? நானும் கம்பெனி பேரை மறைச்சு அதுல போட்டு ரெண்டு மாசமாச்சு, ஒரு நாய்கூட எட்டிப் பாக்கல."