அசுவினிக்கு மூன்று மருந்து

அதிகம் பேசுகிறவன்தான் வாயால் கெடுவான் என்பார்கள். நான் அளந்து பேசியே கெட்டேன்.

தொண்ணூறுகளில் நடந்தது. எனக்கு எஸ்டேட்டில் மருந்தடிக்கும் வேலை. தெங்கேராவில் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். நான் தலையைத் தூக்காமல் கேசரியைப் பார்த்துவிட்டு வந்தேன். (கேசரி நன்றாக இருந்தது.) அந்த வீட்டில் எல்லோரும் அவளைப் 'பாப்பா' என்றார்கள். அதுதான் பேர் என்று நானும் இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கா பத்து என்ற ஊரில் ஒரு தமிழ் வாத்தியார் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வேன். அவருடைய ரோஜா மொட்டெல்லாம் பச்சைப் பச்சையாகப் பேன். நாங்கள் செடிப்பேன் என்போம். வாத்தியார் விடவில்லை.

"அது அசுவினி, தம்பி. எங்க, சொல்லுங்க."

சொன்னேன். பிறகு சோதித்துப் பார்க்கச் சொன்னார்: ஒரு செடிக்குச் சவர்க்காரத் தண்ணீர், ஒன்றுக்குப் புகையிலைத் தண்ணீர், ஒன்றுக்குக் கடை மருந்து. எதற்குச் சாகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

பார்த்துக்கொண்டிருந்தபோது பெண்ணின் தாய்மாமா லோரியை வாசலில் நிறுத்தி இறங்கினார். கல்யாணத்துக்கு நாள் பேச என்னைத் தேடி வந்தவர்.

"என்ன மாப்ள, ஞாயித்துக்கெழமகூட வேலையா?"

"அசுவினிய எதக் குடுத்துக் கொல்றதுன்னு பாக்குறேன் மாமா."

அவர் முகம் கறுத்தது. (வெயில் என்று நினைத்தேன்.)

"என்ன சொன்ன?"

"சவுக்காரத் தண்ணி ஊத்துனேன், சாகல. கடை மருந்துதான் சரி லா."

"அசுவினி ஒன்ன என்னடா பண்ணுச்சு?"

"ஒட்டிக்கிட்டா சாறு பூரா உறிஞ்சிரும் மாமா. அப்புறம் குடும்பத்தையே கொண்டாந்து வச்சிக்கும்."

அவர் லோரிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், நீ கட்டிக்கப் போறவடா அசுவினி!"

"அசுவினியா? பாப்பா இல்லியா?"

லோரி போய்விட்டது. முதுகில் மருந்துப் பம்போடு நின்றேன். பெண்ணுக்கு எதற்குப் பூச்சியின் பேரை வைத்தார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. வாத்தியாரிடம் கேட்டேன். அவர் தலையில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கல்யாணம் நின்னுரும் தம்பி. வாங்க, கெளம்புங்க."

பேன் மொய்த்த ரோஜாக் கிளையோடு பஸ் ஏறினோம். தெங்கேராவில் எங்களை வாசலிலேயே நிறுத்தினார்கள். வாத்தியார் வாசலிலேயே பாடம் நடத்தினார். மாமா நம்பவில்லை. பெண் வெளியே வந்தாள். கிளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதுதான் அசுவினியா?"

"ஆமா. நீங்களுமாம்."

அன்றைக்குச் சிரித்தவள்தான், இன்னும் நிறுத்தவில்லை. கல்யாணம் நடந்தது.

இன்றும் நான் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தால் வாங்கமாட்டாள். "மொதல்ல நீங்க ஒரு வாய்" என்பாள். நான் குடிப்பேன். பிள்ளைகள் சுற்றி நின்று, விழுகிறேனா என்று பார்ப்பார்கள்.

நானும் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பேன்.