முதலாளி காதில் விழுந்த இங்கிலீஷ்

ஆனைக்குட்டம்,
23.8.2005

மரியாதைக்குரிய மச்சான் முத்துக்கருப்பன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை இருளம்மாளின் கணவன் சங்கிலிமுத்து வணங்கி எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே தங்கள் சுகத்தையும், தங்கள் வீட்டு வள்ளித்தாய் அக்காவின் முழங்கால் வலி குறைந்ததா என்பதையும் அறிய ஆசை. விருதுநகரில் மழை உண்டா? இங்கே இல்லை. பெய்தால் கம்பெனிக்கு லீவாவது கிடைக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் மேஸ்திரியாக இருக்கும் பருப்பு மில்லில் எனக்கு ஒரு வேலை கேட்டு வைக்க வேண்டும். சாக்கு தைக்கிற வேலையானாலும் சரி, வாசல் கூட்டுகிற வேலையானாலும் சரி. பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருக்கிறவனுக்கு ஏன் இந்தப் புத்தி என்று நினைப்பீர்கள். எல்லாம் ஒரு இங்கிலீஷ் வாக்கியம் செய்த வேலை.

வெளிநாட்டு ஆர்டர் எடுக்க வேண்டுமென்று எங்கள் முதலாளிக்கு ஒரு ஆசை. வருகிறவர்களிடம் போர்மேன்கள் இங்கிலீஷில் பேச வேண்டுமாம். அதற்காக ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் எங்களை பேக்கிங் ஷெட்டில் உட்கார வைத்து, சிவகாசியிலிருந்து ஞானசுந்தரி டீச்சரை வரவழைக்கிறார். மருந்து கலக்கும்போது நடுங்காத கை, சாக்பீஸைப் பிடித்தால் நடுங்குகிறது மச்சான். போன ஞாயிற்றுக்கிழமை டீச்சர் பலகையில் ‘வெய் டவுன்’ என்று எழுதினார். பாரம் நம்மை அழுத்துவதை அப்படிச் சொல்வார்களாம். ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். முதலில் எழுந்த சீனிவாசகம் “மூட்டை வெய்ஸ் மீ டவுன்” என்றான். கைதட்டல். அடுத்தவன் உப்பு மூட்டை என்றான், அதற்கடுத்தவன் சிமெண்டு மூட்டை என்றான். டீச்சர் தலையில் கைவைத்துவிட்டார். “எல்லாரும் மூட்டையே தூக்குனா எப்படி சார்? மனசை அழுத்துறதும் இதுலதான் வரும். சொந்த வாழ்க்கையிலருந்து ஒண்ணு சொல்லுங்க” என்று என் பக்கம் கையை நீட்டினார்.

எழுந்தேன். ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லும் அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் வரவில்லை மச்சான். தெரிந்த சொற்களை வைத்து உண்மையை மட்டும்தான் சொல்ல முடிந்தது. “ரூல் ஒன் ரூம் ஃபோர் பீப்பிள். மை ரூம் எய்ட் பீப்பிள். மை வொய்ஃப் ஆல்சோ சிட்டிங். திஸ் வெய்ஸ் மீ டவுன், டெய்லி” என்றேன். தங்களுக்குத் தமிழில் சொல்கிறேன். மருந்து அடைக்கிற அறைக்குள் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். தீபாவளி சீசன் வந்தால் எட்டுப் பேர் உட்காருகிறார்கள். அதில் ஒருத்தி இருளம்மாள். அவளை உள்ளே விட்டுவிட்டு நான் அடுத்த அறைக்கு நடக்கும்போது திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். சட்டி கீழே விழுகிற சத்தம் கேட்டாலும் உயிர் போய் உயிர் வரும். ஊருக்கே தெரிந்ததுதான், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தமிழில் என்றால் நானும் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பேன். இங்கிலீஷில் சொல்லும்போது வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

யாரும் கைதட்டவில்லை. திரும்பிப் பார்த்தால் பின்னால் முதலாளி நிற்கிறார். “ம்” என்றார். போய்விட்டார். அந்த ஒரு ‘ம்’முக்கு அர்த்தம் தேடி நான் இன்னும் சோறு தின்னவில்லை. மறுநாள் வாசலில் வாட்ச்மேன் வழக்கத்தைவிட அதிக நேரம் என் சட்டைப்பையைத் தடவினான். கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார், அவர் யாரைப் பார்த்தும் சிரிக்காதவர். மத்தியானம் முதலாளி எனக்கு மட்டும் டீ கொடுத்து அனுப்பினார். கடைசி டீ என்று நினைத்து, பாதியை வேட்டியில் கொட்டிவிட்டு மீதியைக் குடித்தேன். வீட்டுக்கு வந்து இருளம்மாளிடம் சொன்னால் அவள் அடுப்பை விட்டு எழுந்து வந்துவிட்டாள்.

“ஏங்க, தமிள்லயே வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீக, ஒங்களுக்கு இங்கிலீசு வேறயா? அம்புட்டுப் பேரும் மூட்டைனு சொல்லிட்டு உக்காந்திருக்காக. நீங்களும் ஒரு மூட்டையச் சொன்னா என்னவாம்?”

“நீ உள்ள இருக்கியேனு பயந்துல்ல சொன்னேன்.”

“பயந்தா மனசுக்குள்ள பயப்படுங்க. இப்ப ஒங்க வேலையும் போயி எம் வேலையும் போகப்போவுது.”

அவள் சொல்வதும் சரிதான். வேலை போனால் இந்தப் பக்கத்தில் வேறு கம்பெனியிலும் சேர்க்க மாட்டார்கள், வாயாடி என்று பெயர் வந்துவிடும். அதனால்தான் தங்கள் மில்லை நம்பி இதை எழுதுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. பயம் இங்கே வேண்டிய மட்டும் இருக்கிறது, தைரியம் அங்கே மிச்சமிருந்தால் பதில் கடிதத்தில் வைத்து அனுப்பவும். அய்யனார் துணை.

தங்கள் அன்புள்ள,
சங்கிலிமுத்து

பின்குறிப்பு: நேற்று இதை ஒட்டப்போகும் நேரத்தில் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். சாமி கும்பிட்டுவிட்டுப் போனேன். “நீ சொன்னது சரிதான்யா சங்கிலி. நாளைக்கே ஆபீசர் வந்து பாத்தா என்ன ஆகுறது? இனிமே ரூமுக்கு நாலு பேருதான்” என்றார். காலில் விழாத குறை. ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டேன். இன்று காலை போய்ப் பார்த்தேன். அறைக்குள் நாலே பேர். மற்ற நாலு பேரையும் மருந்துச் சட்டியோடு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்திருக்கிறார்கள். மேலே வெயில், பக்கத்திலேயே காயப்போட்ட சரக்கு, அந்தப் பக்கம் லோடு லாரி வந்து போகிற பாதை. அறைக்குள்ளே இருந்ததைவிட இது மோசம். இருளம்மாள் மரத்தடியில்தான் இருக்கிறாள். “ஒங்க இங்கிலீசு புண்ணியத்துல காத்து நல்லா வருதுங்க” என்று சிரிக்கிறாள். எனக்கு வேலை வேண்டாம் மச்சான். அவளுக்குக் கேளுங்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அக்காவுக்கு முழங்கால் முடியவில்லை என்று சொல்லி, முதல் பஸ்ஸில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.