வெள்ளிக்கிழமை உச்சியில் எரியும் மஞ்சள் முகம்

ஆனையூர், மதுரை.
மார்கழிக் கடைசி, 2004.

என் பிரியத்துக்கும் பிராதுக்கும் ஒருசேர உரிய மாப்ள சூர்யபிரகாஷுக்கு,

உன் தாய்மாமன் பேச்சிமுத்து எழுதிக்கொண்டது. இங்கு நானும், உன் அத்தை மலையம்மாளும், மானிட்டரும், சி.பி.யூ.வும் சௌக்கியம். மோடத்துக்கு மட்டும் மார்கழிப் பனியில் தொண்டை கட்டியிருக்கிறது. பெங்களூரில் நீயும், உன் மேனேஜரும், கையை நீட்டினால் தானாகத் தண்ணீர் ஊற்றும் உங்கள் கம்பெனிக் குழாயும் சௌக்கியமாக இருக்க அழகரை வேண்டிக்கொள்கிறேன்.

மாப்ள, இந்தக் கடிதத்தில் யாரும் நம்பப்போகாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன். அழகர் மேல் ஆணை. வைகையில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது என்றால்கூட மதுரையில் நாலு பேர் நம்பி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாலத்துக்கு ஓடுவார்கள். இதை நம்ப மாட்டார்கள். ஈமெயிலில் தட்டிவிடாமல் மாமன் எதற்குப் பேனா பிடித்தான் என்று நீ கேட்கலாம். கம்ப்யூட்டரில் அடித்தால் அவர் படித்துவிடுவார். அவர் என்றால் உன் அப்பா. போன தை அமாவாசையன்று எழுமலையில் நாம் எல்லோரும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தோமே, என் மச்சான் ஆண்டிச்சாமி, அவர்தான்.

விஷயத்துக்கு வருவதற்கு முன், வருகிற தை அமாவாசைக்கு அவருக்கு முதல் வருஷத் திதி என்பதை நினைவூட்டுகிறேன். எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டியவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான். தாய்மாமன் செய்யலாமா என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். காது குத்தவும் கல்யாணச் சீருக்கும்தான் நான் லாயக்காம், இதற்கு இல்லையாம். நீயோ உன் அம்மாவிடம் போனில், “சாப்ட்வேர் ரிலீஸ் இருக்கும்மா, லீவு கெடையாது” என்று சொல்லிவிட்டு, கூரியரில் எனக்கு ஒரு வெப்கேமரா அனுப்பி, “மாமா, திதிய இதுல காட்டுங்க, நான் இங்கேருந்து பாத்துக்கிறேன்” என்றாய். பார்ப்பதற்கு அது என்ன கிரிக்கெட் மேட்சா மாப்ள? அதுவும் எங்கள் டயல்-அப் வேகத்தில்? நான் இங்கே ஒரு தடவை சிரித்தால், அந்தச் சிரிப்பு ஓசூரைத் தாண்டுவதற்குள் அழுது முடித்து மூக்கையும் சிந்தியிருப்பேன்.

போகட்டும். கம்ப்யூட்டர் விஷயத்தில் என் யோக்கியதை உனக்குத் தெரியும். ஆனையூரில் கம்ப்யூட்டர் அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவன் என் கம்ப்யூட்டரை ரிப்பேர் பார்க்க வருகிறவன். அவனுக்கும் என் வீட்டில் பழகித்தான் தொழில் வந்தது. கேம் விளையாடினால் மனுஷன் கெட்டுப்போவான் என்று தல்லாகுளம் ஆபீஸில் என்னோடு வேலை பார்த்தவர்கள் பேசுவார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. கோரிப்பாளையம் சிக்னலில் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போகவே நடுங்குகிற நான், கார் ஓட்டும் கேமில் ஒரு மத்தியானத்தில் ஐரோப்பா முழுவதையும் சுற்றி, அந்நாட்டுப் போலீஸ் ஜீப்புகள் அம்புட்டையும் கடலில் தள்ளியிருக்கிறேன். தைரியம் வளர்கிறதா இல்லையா? ஆனால் ஒரு கேமை மட்டும் உன் அப்பாவுக்குக் காட்டியிருக்கக் கூடாது. பொம்மை ஒன்று பள்ளம் தாண்டித் தாண்டி ஓடும், விழுந்தால் சாகும், ஆனால் அதற்கு மூன்று உயிர். மச்சான் அதில் மயங்கிவிட்டார். “செத்துட்டு மறுபடி மொதல்லேருந்து ஓடுறானே மாப்ள, இவனல்லவா மனுசன்!” என்பார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாப்ள, எனக்கு இன்னும் ரெண்டு உசுரு பாக்கி இருக்குல்ல?” என்றார். சாகப்போகிற மனுஷனிடம் இல்லை என்றா சொல்வது? “இருக்கு மச்சான்” என்றேன். நம்பிவிட்டார் மாப்ள. அதுதான் வினை.

நீ பெங்களூர் போன புதிதில் உன்னோடு பேசுவதற்காக, அவர் எழுமலையிலிருந்து உசிலம்பட்டிக்குப் பஸ் ஏறிப் போய், நல்லகாமன் நடத்தும் பிரவுசிங் சென்டரில் மெசஞ்சரில் பேர் பதிந்துகொண்டார் அல்லவா? என் பட்டியலிலும் அந்தப் பேர் உண்டு. ஆள் வந்து உட்கார்ந்தால் பேருக்குப் பக்கத்தில் மஞ்சள் முகம் ஒன்று எரிந்து சிரிக்கும். எழுந்து போய்விட்டால் சாம்பல் நிறமாகிவிடும். அவர் போன பிறகு அந்த முகம் சாம்பலாகவே கிடந்தது. செத்தவருக்குச் சாம்பல் பொருத்தம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். பேரை அழிக்கக் கை வரவில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. உச்சிப்பொழுது. வெயில் தலைக்கு நேரே நின்று, நம் நிழல் நம் காலுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் நேரம். முனி நடக்கும் என்று நம் பக்கம் பிள்ளைகளைப் புளியமரத்தடிக்கு விடமாட்டார்களே, அந்த நேரம். தெருவில் ஒரு சத்தம் இல்லை. நான் சீட்டு விளையாட்டில் கம்ப்யூட்டரை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். ஓரத்தில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. பார்த்தால், ஆண்டிச்சாமி என்ற பேருக்குப் பக்கத்தில் மஞ்சள் முகம் எரிகிறது. சிரிக்கிறது. எனக்கு வயிற்றில் இருந்த இட்லி மறுபடி மாவாகிவிட்டது. கண்ணைக் கசக்குவதற்குள் ஒரு பெட்டி தானாகத் திறந்து, சாமி வந்தவன் மாதிரி கிடுகிடுவென்று ஆடியது. ஆடி நின்றதும் அதற்குள் எழுத்து வர ஆரம்பித்தது. hhhhhhhhhhhh. வேறொன்றும் இல்லை. ஒரே எழுத்து, வரிசையாக, கீழே கீழே இறங்கிக்கொண்டே.

உன் அத்தையைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்று சொல்வது மரியாதைக்காக. நான் போட்ட சத்தத்தில் யானைமலை எழுந்து உட்கார்ந்தது, ஒத்தக்கடைக்காரர்கள் சாட்சி. அவள் கையில் கரண்டியோடு ஓடிவந்து, வாய்க்குள்ளேயே அந்த எழுத்தை வாசித்துப் பார்த்தாள். “ஹ்... ஹ்... ஹ்...” முகம் வெளுத்துவிட்டது. “ஏங்க, இது பேச்சு இல்லங்க. மூச்சு. கடைசி ரெண்டு நாளு அண்ணன் இப்படித்தான் இழுத்துக்கிட்டுக் கெடந்தாரு.”

மாப்ள, அதற்கப்புறம் ஒவ்வொரு வெள்ளியும் உச்சிக்கு முகம் எரிந்தது. கொஞ்ச நேரம் இருக்கும். பிறகு சாம்பலாகிவிடும். நான் “யாரு?” என்று அடித்தால் பதில் வராது. கம்ப்யூட்டரை அணைத்து வைத்தால் போனை எடுக்கும்போது உள்ளே யாரோ தகரத்தில் ஆணி இழுக்கிற சத்தம். ஒருநாள் மௌஸ் தானாக நகர்ந்து உன் பேர் மேல் போய் நின்றது. உன் முகம்தான் எப்போதும் சாம்பலாயிற்றே; அதன் மேலேயே நின்றது.

இனிப் பொறுப்பதற்கில்லை என்று எழுமலைப் பக்கத்தில் பேயோட்டும் கோடாங்கி மலையாண்டியை வரவழைத்தாள் உன் அத்தை. உடுக்கையும் வேப்பிலையுமாக வந்தவர், மானிட்டருக்கு எலுமிச்சம்பழம் சுற்றி, ஃபிளாப்பி போடும் வாயில் ஒரு சிட்டிகை விபூதியைப் போட்டார். அது ‘கர்ர்’ என்று விழுங்கிவிட்டது. பிறகு உடுக்கையை அடித்தார் பார், நான் மோடத்தைப் போட்டேன் பார்! இவர் டுண்டுண் என்றால் அது டீ...ங் என்கிறது. இவர் வேகமெடுத்தால் அதுவும் கரகரவென்று வேகமெடுக்கிறது. கோடாங்கி உடுக்கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, “இதுக்கு நம்மளவிடப் பாட்டு நெறையத் தெரியும்போல அப்பு” என்றார். மஞ்சள் முகம் எரிந்தது. “கேளுங்க” என்றார். என்ன கேட்பது என்றேன். “யாரு நீ, ஆணா பொண்ணா, எத்தன வயசுல போன, எந்த ஊரு, இதத்தான் கேக்கணும். வேறென்னத்தக் கேப்பாக?” எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது மாப்ள. இன்டர்நெட் சாட்டில் முன்பின் தெரியாதவன் நுழைந்ததும் முதலில் கேட்பதும் இதே வயசு, ஆணா பெண்ணா, ஊர்தானே! ஆக, சாட் ரூம் என்பதைக் கண்டுபிடித்தது வெள்ளைக்காரன் இல்லை, நம் கோடாங்கிகள் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். உடம்பு இல்லாதவர்களோடு பேச வேண்டுமென்றால் இப்படித்தான் ஆரம்பித்தாக வேண்டும்.

கேட்டேன். பதிலுக்கு மறுபடி அந்த மூச்சு. கோடாங்கி உற்றுப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அப்பு, இது பேச வந்த பேயி இல்ல. பாக்க வந்த பேயி.” அவர் வாய் மூடவில்லை, திரையில் ஒரு பெட்டி முளைத்தது. ‘ஆண்டிச்சாமி உங்கள் வெப்கேமராவைப் பார்க்க விரும்புகிறார். அனுமதிக்கலாமா?’ என்று இங்கிலீஷில் கேட்டது. கீழே இரண்டு பட்டன், ஆம், இல்லை.

நீ திதி பார்க்க அனுப்பிய கேமரா மாப்ள. அதன் மூக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் ‘இல்லை’யை நோக்கி மௌஸை நகர்த்தினேன். உன் அத்தை கையைத் தட்டிவிட்டாள். “பாக்கணும்னு கேக்குறவுகளுக்கு மாட்டேன்னா சொல்லுவீக? அந்த மனுசன் ஒங்ககிட்ட என்னைக்கு என்ன கேட்டாரு?” ‘ஆம்’ என்று அமுக்கினேன். அவள் அடுப்படிக்கு ஓடி, மச்சானுக்குப் பிடித்த அயிரை மீன் குழம்பை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கேமராவுக்கு முன்னால் படையலாக வைத்தாள். மூன்று பேரும் கையைக் கூப்பி நின்றோம். கோடாங்கி தன் முகம் திரையில் தெரிவதைப் பார்த்து முடியை மட்டும் சரிசெய்துகொண்டார். திரையின் கீழே ஒரு வரி வந்தது. ‘பார்ப்பவர்: ஒருவர்.’

அவ்வளவுதான். எழுத்து வரவில்லை, பெட்டி ஆடவில்லை. உச்சி வெயிலில் வீடு குளிர்ந்துபோய்க் கிடந்தது. யாரோ எங்கிருந்தோ எங்களை மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் அசையாமல் நிற்கிறோம். “அண்ணே, என்னண்ணே வேணும்?” என்றாள் உன் அத்தை, கேமராவைப் பார்த்து. வெகுநேரம் கழித்து முகம் சாம்பலாயிற்று. கிண்ணத்தைப் பார்த்தால் மீன் முள் மட்டும்தான் இருந்தது. கோடாங்கி வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது தற்செயல்.

போகும்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “இது மகன் கையால தண்ணி வாங்காம அடங்காது அப்பு. மகன் வரலேன்னா, எந்தக் கம்பி வழியா வந்துச்சோ அதே கம்பி வழியா மகன் இருக்குற எடத்துக்கே போயிரும்.” ஆகவே மாப்ள, உன் மேனேஜரிடம் சொல். தை அமாவாசைக்கு நீ எழுமலைக்கு வராவிட்டால் உங்கள் கம்பெனி கம்ப்யூட்டர்கள் அம்புட்டும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கும். உங்கள் ரிலீஸை ஆண்டிச்சாமி மச்சான்தான் ரிலீஸ் பண்ணுவார்.

உன் வேலை நிலைக்க, உன் கண் கெடாமல் இருக்க, உன் ஹார்ட் டிஸ்க் கடைசிவரை கைவிடாமல் இருக்க அழகரும் கருப்பசாமியும் காவல். மலையம்மாள் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
ஆனையூரின் கணினிச் சக்கரவர்த்தியும் உன் தாய்மாமனுமாகிய
பேச்சிமுத்து.

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் உன் அத்தை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, “செத்த மனுசன வச்சா அந்தப் புள்ளையப் பயமுறுத்துறீக? உண்மையச் சொல்லிட்டு ஒட்டுங்க” என்று கோந்து டப்பாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். அதனால் சொல்கிறேன். மேலே எழுதியது புளுகு. மலையாண்டி என்று எந்தக் கோடாங்கியும் இல்லை. மௌஸ் தானாக நகரவில்லை. ஃபிளாப்பி வாயில் விபூதி போட்டது யாருமில்லை, அதில் இருப்பது நான் சிந்திய மிக்சர். ஆஸ்பத்திரியில் உன் அப்பா உயிர்க் கணக்கும் கேட்கவில்லை. நீ பஸ் ஏறிவிட்டாயா என்றுதான் கேட்டார்.

ஒன்று மட்டும் நிஜம். வெள்ளிக்கிழமை அந்த முகம் எரிந்தது, hhhh என்று எழுத்தும் வந்தது. நான் சோறு தின்றுகொண்டிருந்தபோது கேமராவைப் பார்க்கலாமா என்று அது கேட்டதும், நான் ‘ஆம்’ அமுக்கியதும், ‘பார்ப்பவர்: ஒருவர்’ என்று வந்ததும் நிஜம். மறுநாளே உசிலம்பட்டிக்குப் போய் நல்லகாமனைப் பிடித்தேன். “அண்ணே, ஆண்டிச்சாமியண்ணனுக்குப் பாஸ்வேர்டு மனசுல நிக்காது. நாந்தேன் மிசின்லயே போட்டு வச்சுட்டேன். அதுல யாரு உக்காந்தாலும் அவரு பேருலதான் தொறக்கும்” என்றான். வெள்ளிக்கிழமை யார் உட்காருவது என்று கேட்டேன். சொன்னான்.

உன் அம்மா தங்கப்பொண்ணு. என் அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. கீபோர்டில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் போலிருக்கிறது, அதுதான் அந்த மூச்சு. பட்டியலில் உன் பேர் எது என்று நல்லகாமன் விரல் வைத்துக் காட்டிக்கொடுத்திருக்கிறான். அந்தச் சாம்பல் முகம் மஞ்சளாகுமா என்று பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் எழுமலை திரும்பிவிடுவாள். நீ கேமரா அனுப்பியது தெரிந்ததும் அதைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறாள். அங்கிருந்து எழுமலைக்குப் போய், எதற்கு அக்கா என்று கேட்டேன். “அவன் அனுப்புன கேமராவுல அவந்தானடா தெரியணும்? ஒன் மூஞ்சியும் மீன் கொழம்புந்தேன் தெரிஞ்சுச்சு” என்றாள்.

நீ உன்னை யாருக்கும் தெரியாதபடி மறைத்து வைத்துக்கொண்டு மெசஞ்சருக்குள்ளேதான் இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும் மாப்ள, அவளிடம் சொல்லவில்லை. சாம்பல் என்றால் பிள்ளை மும்முரமாக வேலை பார்க்கிறான் என்று அர்த்தம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன் திரையிலும் வெள்ளிக்கிழமை உச்சிக்கு உன் அப்பா பேர் எரிந்திருக்கும். நீயும் பார்த்திருப்பாய். யாரிடமும் சொல்ல முடியாமல், ஊர்ப்பக்கம் வரவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறாயோ என்னவோ.

பயப்படாதே. அது அவர் இல்லை.