ஏழு மணிக்கு அணையும் மோடம்

தேனாம்பேட்டை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள லூயிசா அத்தைக்கு,

ஃபிரெட்ரிக்கின் தோத்திரம். மாமாவுக்கும் சொல்லவும். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். என் மானம் மட்டும் சுகமில்லை. போன் செய்தால் "இரு, லாய்ட்கிட்ட குடுக்கிறேன்" என்று உங்கள் மகனிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால் கடிதம்.

விஷயம், உங்கள் வீட்டு இன்டர்நெட் மோடம்.

நானும் லாய்ட்டும் மஹதியும் இன்னும் இருவரும் ஓர் அணி. மேற்கு மாம்பலத்து மகேஷும் அவன் ஆட்கள் நால்வரும் எதிரணி. கணினியில் சுட்டுக்கொண்டே எதிரணிக் கொடியைப் பிடிக்கும் ஆட்டம், நாற்பது நிமிடம். ஆறரைக்கு முன்னால் மஹதி ஆபீசிலிருந்து வருவதில்லை; எட்டு மணிக்கு மகேஷுக்கு நைட் ஷிஃப்ட் வண்டி வந்துவிடும். இந்த ஆட்டத்துக்கென்று தனி இடம் கிடையாது, மொத்தமும் லாய்ட்டின் கணினிக்குள்தான் நடக்கிறது, மற்ற ஒன்பது பேரும் உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் மாதிரி. ஏழு மணிக்கு ஜெபமாலையை எடுக்கிறீர்கள், மாமா நடுவில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துவிடுவார் என்று மோடத்தை அணைக்கிறீர்கள், ஒன்பது பேரும் தெருவில். ஆட்டம் ரத்து.

நான்கு முறை.

நான்காம் முறை மகேஷ் போன் செய்தான். "இன்னா நைனா, கரீட்டா ஏழு மணிக்குப் புட்டுக்குது? தோக்குற நேரம் பாத்து அத்தைக்கு சிக்னல் குடுக்கிறியா?" நான் விளக்கினேன். ஜெபமாலை. மாமா. ஸ்கோர். சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரி இருந்தது. மஹதி, என் அணியில் இருந்துகொண்டே, "பேசாம உங்க அத்தையை டீம்ல சேத்துக்கோ. மேட்சை முடிக்கிறது அவங்கதானே" என்றாள். வாட்ஸ்அப் குழுவில் இப்போது என் பெயர் 'பிளக்'.

இதற்குத் தனி சர்வர் என்று ஒன்று இருக்கிறது, அத்தை. நம் சர்ச்சின் பங்கு மண்டபம் மாதிரி. யார் வீடும் இல்லை. உங்கள் வீட்டு விளக்கு அணைந்தாலும் மண்டபத்தில் கல்யாணம் நடக்கும். லாய்ட் மாட்டேன் என்கிறான். "நம்ம வூட்லயே ஸ்பீடா ஓடினு கீது மச்சி, அது இன்னாத்துக்கு?" (உங்கள் முன்னால் இப்படிப் பேசமாட்டான்.) அவனுக்கு ஓடும். ஆட்டமே அவன் மேஜைமேல் இருக்கிறது; மற்றவர்களுக்குத்தான் எல்லாம் தாமதமாக வந்து சேரும். "உன் மச்சான் சுட்டு முடிச்சப்புறந்தான் எனக்குக் கதவே தொறக்குது" என்று மகேஷ் புலம்புவது நியாயம்.

ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லை. மாமாவின் போனை வாங்கி வையுங்கள். இல்லையென்றால் தனி சர்வருக்கு மாறும்படி லாய்ட்டை மிரட்டுங்கள். சனிக்கிழமை ஐந்தாவது முறை. அதுவும் ரத்தானால் மகேஷ் இனி எங்களோடு ஆடமாட்டானாம். ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே ஒருமுறை முழுதாக ஆட வேண்டும். நான் ஏமாற்றுக்காரன் இல்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

மாதா உங்கள் வீட்டையும் இணைப்பையும் காக்கட்டும்.

கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
ஃபிரெட்ரிக்

பின்குறிப்பு: இன்று வியாழன். தபாலில் போடுவதற்குள் லாய்ட்டே ஒப்புக்கொண்டுவிட்டான். நேற்று தனி சர்வரில், மகேஷ் அணியோடு பயிற்சி ஆட்டம். லாய்ட்டின் தோட்டாவும் எல்லோருடையதையும் போலத் தாமதமாகத்தான் போனது. ஏழு மணிக்கு நீங்கள் மோடத்தை அணைத்தீர்கள். லாய்ட் மட்டும் மறைந்தான். ஆட்டம் நிற்கவில்லை. நாற்பது நிமிடமும் ஆடினோம். அவர்கள் பதினொரு கொடி, நாங்கள் இரண்டு. இதுவரை எதையும் முடிக்காததால்தான் நாங்கள் தோற்றதில்லை என்று அப்போது புரிந்தது. சனிக்கிழமை ஆட்டத்தை உங்கள் வீட்டுக்கே திருப்பிவிடும்படி லாய்ட்டிடம் சொல்லவும். ஏழு மணி ஜெபம் தவற வேண்டாம். ஏமாற்றுக்காரனாகவே இருந்துகொள்கிறேன்.